கூடிப் பிரிதல்: ஒரு மென்பொருளைத் தொண்டர்கள் கையேற்ற வரலாறு

ஊர் வாசிகசாலை ஒன்று இரண்டாக உடைந்தால் என்ன நடக்கும் என்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். ஒரு தரப்பிடம் திறப்பு இருக்கும். மறுதரப்பு கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு போயிருக்கும். றப்பர் முத்திரை யாருக்கு, வங்கிப் புத்தகம் யாருக்கு என்று இழுபறி தொடங்கும். புத்தக அலுமாரி பூட்டியபடி கிடக்கும். கடைசியில் வாசிக்க வந்த பிள்ளைகள்தான் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

மென்பொருள் உலகிலும் இப்படிப் பிரிவுகள் வருகின்றன. ஆனால் திறந்த மூல மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது. அலுமாரியைப் புத்தகங்களோடு அப்படியே பிரதியெடுத்துக்கொண்டு போகலாம். பழைய இடத்தில் ஒரு புத்தகமும் குறையாது. சட்டமும் தடுக்காது. “அப்ப என்ன கஷ்டம்? ஒரு கொப்பி எடுத்துக்கொண்டு நாங்க தனியாச் செய்வம்” என்று தோன்றும். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது. பிரதியெடுப்பது சில நிமிட வேலை. எடுத்த பிரதியைப் பராமரிக்க ஆட்களைச் சேர்ப்பதும், சேர்ந்தவர்கள் கலைந்து போகாமல் பார்த்துக்கொள்வதும் பல வருட வேலை.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது. அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் லிப்ரே ஒஃபிஸ். கடிதம் எழுத, ஆய்வுக் கட்டுரை தயாரிக்க, கணக்குத் தாள் போட என்று நம்மில் பலர் காசு கொடுக்காமல் பாவிக்கும் மென்பொருள் அது. 2010 ஆம் ஆண்டு ஒரு தொண்டர் கூட்டம் எடுத்த முடிவினால் பிறந்தது.

அனுமதி ஏட்டில் இருந்தது

முதலில் இரண்டு சொற்களை விளங்கிக்கொள்வோம். நிரலாளர்கள் எழுதும் மூல வாசகத்துக்கு மூலநிரல் என்று பெயர். நமது கணினியில் ஓடுவது அதிலிருந்து ஆக்கப்பட்ட பண்டம். மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால் அது திறந்த மூல மென்பொருள். அந்த அனுமதியைக் கொண்டு, ஒரு மென்பொருளை வேறு பெயரில், வேறு ஆட்களின் பொறுப்பில் தனியாக வளர்ப்பதை ‘ஃபோர்க்’ என்பார்கள். ஒரே பாதை இரண்டாகப் பிரிவதைப் போன்றது என்பதால் அந்தப் பெயர்.

லிப்ரே ஒஃபிஸின் வேர் ஜேர்மனியில் இருக்கிறது. 1985 இல் லூனெபேர்க் நகரில் மார்கோ பேரீஸ் என்ற இளைஞர் ‘ஸ்டார் டிவிஷன்’ என்ற கம்பனியைத் தொடங்கினார். அதன் ஸ்டார் ஒஃபிஸ் மென்பொருளை 1999 இல் அமெரிக்காவின் சண் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. மறுவருடம், 2000 ஒக்டோபர் 13 ஆம் திகதி, சண் அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. அப்படித் தொடங்கியதுதான் ஓப்பன் ஒஃபிஸ் திட்டம். 2002 மே மாதம் அதன் 1.0 பதிப்பு வந்தது.

ஆக, தனியாகப் போவதற்கான அனுமதி 2000 ஆம் ஆண்டிலேயே தொண்டர்களின் கையில் இருந்தது. அதைப் பாவிக்கப் பத்து வருடம் ஏன் எடுத்தது என்பதுதான் யோசிக்க வேண்டிய கேள்வி.

பத்து வருடப் பொறுமை

ஓப்பன் ஒஃபிஸ் திறந்த மூலமாக இருந்தாலும் சில திறப்புகள் சண் கம்பனியின் இடுப்பில்தான் இருந்தன. ‘ஓப்பன் ஒஃபிஸ்’ என்ற பெயர் அதனுடையது. இணையத்தளமும் சேவையகங்களும் அதனுடையவை. வெளியிலிருந்து ஒருவர் நிரல் எழுதிக் கொடுத்தால், அதன் பதிப்புரிமையில் சண் கம்பனிக்கும் பங்கு கொடுத்துக் கையெழுத்திட வேண்டும். எந்தத் திருத்தம் உள்ளே போகலாம், எப்போது போகலாம் என்பதைப் பெரும்பாலும் கம்பனியின் ஆட்களே தீர்மானித்தார்கள்.

இதனால் மனக்கசப்பு இருந்தது. வெளியார் கொடுத்த திருத்தங்கள் மாதக்கணக்கில் தேங்கின. நொவெல் கம்பனியின் நிரலாளர்கள், குறிப்பாக மைக்கல் மீக்ஸ் போன்றோர், அப்படித் தேங்கியவற்றை ஒன்று சேர்த்து ‘கோ-ஓஓ’ என்ற பெயரில் ஒரு பதிப்பைத் தனியே பராமரித்தார்கள். லினக்ஸ் விநியோகங்கள் பலவற்றில் பாவனையாளருக்குக் கிடைத்தது அந்தப் பதிப்புத்தான். ஆனாலும் முழுமையான பிரிவுக்கு யாரும் துணியவில்லை. சண் கம்பனியிடம் குறைகள் இருந்தன. சம்பளம் பெறும் அனுபவமிக்க நிரலாளர்களும் அதனிடமே இருந்தார்கள். மென்பொருளோ இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்டது. அதன் உள்விடயம் தெரிந்தவர்கள் ஒருசிலரே. கோபத்தை மட்டும் முதலாக வைத்து அதைத் தூக்கிச் சுமக்க முடியாது என்பது தொண்டர்களுக்குத் தெரிந்திருந்தது.

2010 ஜனவரியில் ஒரக்கிள் கம்பனி சண் கம்பனியை வாங்கி முடித்தது. அந்த வருடம் ஓகஸ்டில், சண் வளர்த்த இன்னொரு திறந்த மூலத் திட்டமான ஓப்பன் சொலாரிஸை ஒரக்கிள் கைவிட்டது. அடுத்தது ஓப்பன் ஒஃபிஸ்தானோ என்ற பயம் எழுந்தது. ஒரு கம்பனியின் நல்லெண்ணத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் பொதுச் சொத்து, அந்தக் கம்பனி கைமாறும்போது என்ன ஆகும் என்பது அன்று அனைவர் கண்ணுக்கும் தெரிந்தது.

இதிலே நமக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். நாம் எழுதி வைக்கும் கோப்புகள்தான் நமது பங்கு. ஓப்பன் ஒஃபிஸ் பாவித்த கோப்பு வடிவம் 2006 இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பினால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அரசுத் திணைக்களங்களும் பாடசாலைகளும் பல நாடுகளில் அதை நம்பி ஆவணங்களைச் சேமித்தன. அந்த வடிவத்தை நன்றாக வாசிக்கும் ஒரு மென்பொருள் தொடர்ந்து உயிரோடு இருந்தால்தான் அந்த நம்பிக்கைக்கு அர்த்தம் இருக்கும்.

அழைப்போடு வந்த அறிவிப்பு

2010 செப்டெம்பர் 28 ஆம் திகதி ‘டொக்கியுமென்ட் ஃபவுண்டேஷன்’ என்ற மன்றத்தின் தொடக்கம் அறிவிக்கப்பட்டது. ஓப்பன் ஒஃபிஸின் முன்னணித் தொண்டர்கள் பலர் அதில் இருந்தார்கள். அந்த நாளை ஆற அமரப் பார்த்தால், ஒரு பிரிவை ஒழுங்கு செய்வது எப்படி என்பதற்கான பாடம் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலாவது, வெறும் அறிக்கையோடு அவர்கள் வரவில்லை. அன்றைக்கே தரவிறக்கிப் பாவித்துப் பார்க்க ஒரு பரீட்சார்த்தப் பதிப்பு இருந்தது. புதிய பெயர் இருந்தது. பொறுப்பெடுக்க ஓர் இடைக்கால வழிநடத்தற் குழு இருந்தது. “செய்யப் போறோம்” என்று அவர்கள் சொல்லவில்லை. “செய்திருக்கிறோம், வாருங்கள்” என்றார்கள்.

இரண்டாவது, ஆதரவாளர்களிடம் முன்கூட்டியே பேசியிருந்தார்கள். கட்டற்ற மென்பொருள் மன்றம், கூகுள், நொவெல், ரெட் ஹட், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் என்று பல தரப்புகள் அதே நாளில் ஆதரவு சொல்லின. இதில் லினக்ஸ் விநியோகங்களை வெளியிடுவோரின் ஆதரவு மிக முக்கியமானது. கோடிக்கணக்கான பாவனையாளர்களுக்கு மென்பொருள் போய்ச் சேரும் வாய்க்கால் அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் மாறினால் பாவனையாளரும் தாமாகவே மாறுவார்கள். 2011 ஏப்ரலில் வந்த உபுண்டு 11.04 பதிப்பில் ஓப்பன் ஒஃபிஸின் இடத்தில் லிப்ரே ஒஃபிஸ் இருந்தது.

மூன்றாவது விடயம் எனக்கு மிகவும் பிடித்தது. அவர்கள் ஒரக்கிளையும் அழைத்தார்கள். “எங்களோடு உறுப்பினராகச் சேருங்கள், பழைய பெயரை மன்றத்துக்குத் தாருங்கள்” என்று கேட்டார்கள். அந்தப் பதில் வரும்வரைக்குமான பெயராகத்தான் ‘லிப்ரே ஒஃபிஸ்’ முன்வைக்கப்பட்டது. திட்டம் தொடங்கிய காலத்திலேயே எழுதப்பட்டிருந்த சுயாதீன மன்றம் என்ற வாக்குறுதியை நிறைவேற்றுகிறோம் என்பதே அவர்களுடைய வாதம். யாரையும் திட்டவில்லை. இதனால் இரண்டு நன்மை கிடைத்தது. நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தொண்டர்கள் ‘துரோகி’ என்ற பட்டத்துக்குப் பயப்படாமல் இந்தப் பக்கம் வர முடிந்தது. பிரிவுக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வியும் மறுதரப்பின் பதிலில் தங்கிவிட்டது.

பதில் சீக்கிரமே வந்தது. ஒக்டோபர் மாதம் நடந்த ஓப்பன் ஒஃபிஸ் சமூக சபைக் கூட்டத்தில், புதிய மன்றத்தில் இருப்போர் சபையிலிருந்து விலக வேண்டும் என்று ஒரக்கிளின் ஆட்கள் கேட்டார்கள். ஒரே ஆள் இரு பக்கமும் இருக்க முடியாது என்பது அவர்கள் நியாயம். விளைவு, விலகச் சொன்னவர்கள் எதிர்பார்க்காதது. மாத முடிவில் ஜேர்மன் மொழிக் குழுவைச் சேர்ந்த முப்பதுக்கு மேற்பட்ட தொண்டர்கள் கூட்டாகக் கடிதம் எழுதிவிட்டு வெளியேறினார்கள். மொழிபெயர்த்தவர்கள், பிழை சோதித்தவர்கள், கைந்நூல் எழுதியவர்கள், பாவனையாளரின் கேள்விகளுக்கு இரவிரவாகப் பதில் சொன்னவர்கள் எல்லாம் இப்படிப் புதிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். 2011 ஜனவரி 25 ஆம் திகதி, அறிவித்து நான்கு மாதத்துக்குள், லிப்ரே ஒஃபிஸின் முதலாவது நிலையான பதிப்பு வெளிவந்தது.

புதியவருக்கு ஒரு சின்ன வேலை

ஆர்வத்தோடு வந்தவரை எங்கே உட்காரவைப்பது என்பது தொண்டர் அமைப்புகள் எல்லாவற்றுக்கும் உள்ள பிரச்சினை. வந்த முதல் நாளில் வேலை இல்லையென்றால் இரண்டாம் நாள் ஆள் வரமாட்டார். இலட்சக்கணக்கான வரிகளுள்ள ஒரு மூலநிரலைக் காட்டி “ஏதாவது செய்யுங்க” என்றாலும் அவர் மிரண்டு ஓடிவிடுவார்.

லிப்ரே ஒஃபிஸ் குழு இதற்கு ஒரு வழி கண்டது. அனுபவமில்லாதவரும் ஓர் இரவிலோ ஒரு வார இறுதியிலோ முடிக்கக்கூடிய சின்னச் சின்ன வேலைகளைப் பட்டியலிட்டு ‘ஈஸி ஹெக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அவற்றுள் ஒன்று சுவாரசியமானது. ஸ்டார் டிவிஷன் காலத்து நிரலாளர்கள் மூலநிரலுக்குள் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகள் பெருமளவில் ஜேர்மன் மொழியில் இருந்தன. ஜேர்மன் தெரியாத ஒருவருக்கு அந்தப் பகுதிகள் இருட்டறை. ஆகவே ஜேர்மனும் ஆங்கிலமும் தெரிந்த யாரும், நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், அந்தக் குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றி உதவலாம் என்றார்கள். பல வருடம் எடுத்த வேலை அது. யாரும் அழைக்காமல் செத்துக் கிடந்த நிரல் துண்டுகளைக் கண்டுபிடித்து நீக்குவது இன்னொரு வேலை. கூட்டிப் பெருக்கும் வேலைதான். ஆனால் கூட்டிப் பெருக்கியவருக்கு வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்துவிடும். அப்படி உள்ளே வந்தவர்களில் சிலர் பிறகு பெரிய பகுதிகளுக்குப் பொறுப்பானார்கள்.

பழைய ஒரு தடையையும் நீக்கினார்கள். நிரல் கொடுப்பவர் பதிப்புரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. எழுதியவருக்கே அது உரித்து. மன்றத்தின் உரிமத்தின் கீழ் பாவிக்கச் சம்மதம் சொன்னால் போதும். இதனால், நாளைக்கு மன்றமே மனம் மாறினாலும் எல்லோருடைய உழைப்பையும் மூட்டையாகக் கட்டி விற்க முடியாது.

வெளியீட்டு நாளையும் கலண்டரில் குறித்தார்கள். வருடத்துக்கு இரண்டு பெரிய பதிப்பு. தயாரான அம்சம் உள்ளே வரும்; தயாராகாதது ஆறு மாதம் பொறுத்து அடுத்த பதிப்பில் வரும். பஸ் நேரத்துக்குப் புறப்படும் என்று தெரிந்தால் பயணிகள் சண்டை பிடிக்க மாட்டார்கள்.

காசும் யாப்பும்

மன்றம் என்று அறிவித்துவிட்டால் மன்றம் ஆகிவிடாது. வங்கிக் கணக்கு வேண்டும், சட்டப்படி ஓர் ஆளுமை வேண்டும். ஆரம்பத்தில் அது இல்லாததால், ஜேர்மனியில் ஏற்கெனவே பதிவாகியிருந்த ஓர் ஆதரவாளர் சங்கத்தின் நிழலில் இருந்துகொண்டு நன்கொடை சேர்த்தார்கள். இந்த ‘இரவல் வீடு’ ஏற்பாடு நல்ல யோசனை. பதிவு வேலை முடியும்வரை மென்பொருள் வேலை நிற்கவில்லை.

ஜேர்மன் சட்டத்தின் கீழ் ஒரு மன்றத்தை நிறுவ மூலதனம் வேண்டும். 2011 பெப்ரவரி நடுப்பகுதியில் 50,000 யூரோ வேண்டுமென்று பொதுமக்களிடம் கேட்டார்கள். ஐந்து வாரத் தவணை வைத்திருந்தார்கள். எட்டு நாளில் தொகை நிரம்பியது. பெரிய கம்பனி ஒன்றிடம் மொத்தமாகக் கேட்காமல், பாவனையாளரிடமே சிறுகச் சிறுகக் கேட்டதில் ஒரு கணக்கு இருந்தது. காசு கொடுத்தவருக்கு அந்த மன்றம் தன்னுடையது என்ற எண்ணம் வரும்.

2012 பெப்ரவரியில் மன்றம் பேர்லினில் முறையாகப் பதிவானது. ஜேர்மனியைத் தெரிந்ததற்குக் காரணம் இருந்தது. அந்த நாட்டுச் சட்டத்தில் இவ்வகை மன்றத்தின் நோக்கத்தை இலகுவில் மாற்ற முடியாது. பங்கு வாங்கி அதைச் சொந்தமாக்கவும் முடியாது. யாப்பில் மேலும் சில காப்புகளை வைத்தார்கள். உறுப்பினராவதற்குச் சந்தா கட்டினால் போதாது. வேலை செய்திருக்க வேண்டும். நிரல் எழுதுவது, மொழிபெயர்ப்பது, பிழை சோதிப்பது எல்லாமே வேலையாகக் கணக்கெடுக்கப்படும். உறுப்பினர்கள் இரண்டு வருடத்துக்கொரு முறை ஏழு பேர் கொண்ட பணிப்பாளர் சபையைத் தெரிவு செய்வார்கள். ஒரே கம்பனியைச் சேர்ந்தவர்கள் அந்தச் சபையில் மூன்றிலொரு பங்கை மிஞ்சக்கூடாது. எந்த நோய்க்காகப் பழைய வீட்டை விட்டு வந்தார்களோ, அந்த நோய் புதிய வீட்டுக்குள் வராமலிருக்க எழுதிய விதி அது.

சம்பளக்காரரும் தொண்டரும்

இந்தக் கதையை முழுக்க முழுக்கத் தொண்டர்களின் வீரக் கதையாகச் சொன்னால் அது உண்மையாகாது. தொடக்க வருடங்களில் கடினமான நிரல் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர்கள் நொவெலின் சுசே பிரிவு, ரெட் ஹட், கனோனிக்கல் போன்ற இடங்களில் சம்பளம் பெற்றவர்கள். அவர்கள் இல்லாமல் தொண்டர்கள் மட்டும் இந்தச் சுமையைத் தூக்கியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. தொண்டர்கள் இல்லாவிட்டாலோ இது இன்னொரு கம்பனிப் பொருளாக முடிந்திருக்கும். ஒரே கம்பனியில் தங்கியிராமல் பல கம்பனிகளின் ஆட்களும் தொண்டர்களும் ஒரே மேசையில் சம மதிப்போடு அமர்ந்ததுதான் இந்த அமைப்பின் பலம்.

அந்தச் சமநிலை ஒருமுறை எட்டிவிட்டால் என்றைக்கும் நிற்கும் என்றில்லை. 2020 இல் லிப்ரே ஒஃபிஸ் 7.0 இன் பரீட்சார்த்தப் பதிப்பில் ‘தனிநபர் பதிப்பு’ என்றொரு குறிப்பு தோன்றியது. நிறுவனங்கள் காசு கொடுத்து ஆதரவுச் சேவை வாங்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்தது. ஆனால் இனி இது இலவசமில்லையோ என்று பாவனையாளர் கலங்கினார்கள். எதிர்ப்பு வந்ததும் இறுதிப் பதிப்பில் அந்தக் குறிப்பை நீக்கிவிட்டார்கள். யார் செலவழிப்பது என்ற கேள்வி பழைய வீட்டிலும் இருந்தது, புதிய வீட்டிலும் இருக்கிறது. ஒரு வித்தியாசம், இப்போது அதைப் பகிரங்கமாகப் பேசித் தீர்க்க ஒரு சபை இருக்கிறது.

பழைய பெயரின் பலம்

பழைய வீடு என்ன ஆனது? 2011 ஜூனில் ஒரக்கிள் ஓப்பன் ஒஃபிஸின் நிரலையும் பெயரையும் அப்பாச்சி மென்பொருள் மன்றத்திடம் ஒப்படைத்தது. லிப்ரே ஒஃபிஸ்காரர் கேட்ட பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அப்பாச்சியும் மரியாதைக்குரிய தொண்டர் அமைப்புத்தான். ஆனால் ஆட்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே இடம் மாறியிருந்தார்கள். உரிமங்களின் தன்மையால் இன்னொரு விளைவும் ஏற்பட்டது. அப்பாச்சியின் நிரலை லிப்ரே ஒஃபிஸ் எடுத்துக்கொள்ளலாம். லிப்ரே ஒஃபிஸின் நிரலை அப்பாச்சி தனது உரிமத்தின் கீழ் எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீர் ஒரு பக்கமாகவே ஓடியது.

அப்பாச்சி ஓப்பன் ஒஃபிஸின் 4.1 பதிப்பு 2014 இல் வந்தது. அதற்குப் பிறகு வந்தவை அந்த வரிசையின் சிறு திருத்தங்களே. 2016 இல் ஒரு பாதுகாப்புக் குறைபாட்டுக்கான திருத்தத்தை வெளியிடுவதில் தாமதம் ஏற்பட்டபோது, திட்டத்தை மூடிவிடுவதா என்ற பேச்சே பகிரங்கமாக எழுந்தது. அப்படியிருந்தும் பெயரை மட்டும் அறிந்த மக்கள் தொடர்ந்து பழையதையே தரவிறக்கினார்கள். 2020 ஒக்டோபரில், உங்கள் பாவனையாளருக்குப் புதிய மென்பொருளைப் பற்றிச் சொல்லுங்கள் என்று லிப்ரே ஒஃபிஸ் மன்றம் அப்பாச்சிக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

பிரிவின் விலை இது. நிரலைப் பிரதியெடுக்கலாம், பெயரைப் பிரதியெடுக்க முடியாது. ஊரார் மனதில் பதிந்த பெயரை விட்டு வருவோர், புதுப் பெயரைப் பதிக்கப் பத்து வருடம் உழைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

வேறு இரண்டு பிரிவுகள்

இதே வகையில் முன்னும் பின்னும் நடந்த இரண்டு பிரிவுகளைச் சுருக்கமாகப் பார்ப்பது பயன் தரும்.

இணையத்தளங்களை நிர்வகிக்கும் ‘மாம்போ’ என்ற மென்பொருளின் உரிமை அவுஸ்திரேலியாவிலுள்ள மிரோ என்ற கம்பனியிடம் இருந்தது. அது அமைத்த மன்றத்தில் தமக்கு உரிய இடமில்லை என்று 2005 ஓகஸ்டில் முக்கிய நிரலாளர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். அடுத்த மாதமே புதிய பெயரில் பதிப்பு வந்துவிட்டது. அந்தப் பெயர் ‘ஜூம்லா’. சுவாஹிலி மொழியில் ‘எல்லாரும் சேர்ந்து’ என்ற பொருள்படும் ‘ஜும்லா’ என்ற சொல்லிலிருந்து எடுத்தது. அது அரபியிலிருந்து சுவாஹிலிக்குப் போன சொல் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். வேலை செய்தவர்கள் ஜும்லாவாக எழுந்து போனதால் பழைய மாம்போ சில வருடங்களில் ஓய்ந்துவிட்டது. பாதிப்பேர் போய்ப் பாதிப்பேர் நின்றிருந்தால் இரண்டுமே மெலிந்திருக்கும்.

மற்றது திரும்பிச் சேர்ந்த கதை. சேவையகங்களில் ஓடும் ‘நோட்’ என்ற மென்பொருளை ஜொயென்ட் என்ற கம்பனி மேற்பார்த்தது. வெளியீடுகள் தேங்குகின்றன, தீர்மானங்களில் பங்கில்லை என்று 2014 டிசம்பரில் முக்கிய நிரலாளர்கள் ‘ஐஓ’ என்ற பெயரில் பிரிந்தார்கள். திறந்த கூட்டங்களும் தொழினுட்பக் குழுவும் வைத்து வேகமாகப் பதிப்புகளை வெளியிட்டார்கள். பழைய தரப்பு பேச்சுக்கு வந்தது. பொது மன்றம் ஒன்று அமைக்கப்பட்டு, 2015 செப்டெம்பரில் இரண்டும் ஒன்றாகி ‘நோட்’ 4.0 வெளிவந்தது. பிரிந்தவர்கள் எழுதிய நிர்வாக முறையே சேர்ந்த வீட்டின் முறையாயிற்று. பிரிவதற்கு முன் கோரியது கிடைத்துவிட்டால் திரும்பிப் போவதில் தோல்வி எதுவும் இல்லை.

தொடங்குமுன் கேட்க வேண்டியவை

இவற்றிலிருந்து, இப்படியொரு முயற்சிக்கு ஆள் சேர்க்க நினைக்கும் எவரும் தம்மைத் தாமே கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுக்கலாம்.

உள்ளே இருந்து பேசித் தீர்க்க எல்லா வழியும் பார்த்தாகிவிட்டதா? ஒரு திருத்தத்தை ஏற்கவில்லை என்ற கோபத்துக்குத் தனிவீடு தேவையில்லை. உரிமம் எதை அனுமதிக்கிறது, பெயரும் சின்னமும் யாருடையவை? இதை ஆரம்பத்திலேயே பார்க்காவிட்டால் பிறகு நீதிமன்றப் படியேற வேண்டிவரும். உண்மையில் வேலை செய்பவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள்? ஆதரவாகக் கைதட்டும் நூறு பேரைவிட, வாரத்தில் ஒரு மாலை உறுதியாகத் தரக்கூடிய ஐந்து பேர் மேல். பாதுகாப்புக் குறைபாடு ஒன்று நள்ளிரவில் தெரியவந்தால் யார் எழும்புவது? அதற்குப் பெயர் சொல்லி ஆள் இல்லையென்றால் பாவனையாளரை அழைப்பது நியாயமில்லை. புதியவர் வந்த முதல் நாளில் செய்ய என்ன வேலை வைத்திருக்கிறோம்? காசு எந்தக் கணக்கில் வரும், அதை யார் கேள்வி கேட்கலாம்? கடைசியாக, தலைவரை எப்படி மாற்றுவது? தொடங்கியவர் நல்லவர் என்பதால் இந்தக் கேள்வியைத் தள்ளிப் போடுவார்கள். நல்லவர் இருக்கும்போதே யாப்பை எழுதுவது எல்லோருக்கும் இலகு.

தொண்டர் உற்சாகத்துக்கு ஆயுள் குறைவு என்பதை நமது நாடே கண்டிருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமி கரையோரத்தை அழித்துப் போட்ட நாட்களில், இலங்கைக் கணினித் துறையினர் தொண்டர்களாகக் கூடி, காணாமற் போனோர் விபரத்தையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதியும் ‘சஹானா’ என்ற திறந்த மூல மென்பொருளை எழுதினார்கள். அது ஃபோர்க் அல்ல, புதிதாக எழுதியது. அவசர நாட்கள் முடிந்ததும் தொண்டர்கள் தத்தம் தொழிலுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதைப் பொறுப்பெடுத்து, முறையான திட்டமாக்கி வளர்த்ததால்தான் 2005 பாகிஸ்தான் பூகம்பத்தில் அது பயன்பட்டது. 2009 இல் அதற்கெனத் தனி மன்றமும் அமைந்தது. கண்ணீரும் கோபமும் ஒரு வேலையைத் தொடக்கிவிடும். அதை நடத்திக்கொண்டு போவதற்கு யாப்பும் கணக்கும் நேரசூசியும் வேண்டும்.

“எங்களுக்குக் கோட் எழுதத் தெரியாதே” என்று சொல்லி இந்த விடயத்தை மூடிவைக்கத் தேவையில்லை. லிப்ரே ஒஃபிஸ் தமிழிலும் சிங்களத்திலும் பாவிக்கக் கிடைக்கிறது. அதன் தெரிவுப் பட்டியல்களிலும் உதவிப் பக்கங்களிலும் உள்ள சொற்களைத் தொண்டர்களே ‘வெப்லேட்’ என்ற இணையக் கருவியின் ஊடாக மொழிபெயர்க்கிறார்கள். தமிழில் நல்ல சொல் எது, எந்தச் சொல் வாசகனை இடறும் என்று தெரிந்த ஓர் ஆசிரியரோ பத்திரிகைக்காரரோ அங்கே ஒரு நிரலாளருக்குச் சமம். 2010 இல் பழைய வீட்டை விட்டு வந்து புதிய வீட்டை நிறுத்தியவர்களில் பலர் செய்துகொண்டிருந்ததும் அந்த வேலைதான்.